உள்ளே இருப்பது யார்? மென்பொருள் அனுமதிக் கணக்கு



எங்கள் பிள்ளைகள் பலர் இன்று கணனி உதவி மையங்களில், அதாவது சேர்விஸ் டெஸ்க்குகளில், வேலை செய்கிறார்கள். வரும் முறைப்பாடு ஒவ்வொன்றையும் இலக்கம் போட்டுப் பதிய அங்கே ஒரு மென்பொருள் இருக்கும். பெரும்பாலும் அதைப் பாவிக்க நிறுவனம் காசு கட்டி லைசென்ஸ், அதாவது அனுமதி, வாங்கவேண்டும். அந்தக் கணக்கைத்தான் இம்மாதம் பார்க்கப்போகிறோம்.

அனுமதி பிரதானமாக இரண்டு வகை. ஒன்று ஆளின் பெயருக்கு எழுதப்படுவது. அவர் லீவில் நின்றாலும் அதற்குரிய காசு கட்டத்தான் வேண்டும். மற்றது பொதுவில் இருப்பது. நூலகப் புத்தகம்போல ஒருவர் திருப்பித் தந்தால்தான் அடுத்தவர் எடுக்கலாம். பி.எம்.சி. ரெமடி என்ற மென்பொருளில் இரண்டு வகையும் உண்டு. ஜிரா சேர்விஸ் மனேஜ்மென்டில் முறைப்பாட்டைக் கவனிக்கும் ஊழியருக்கு மட்டும் அனுமதி வேண்டும். முறைப்பாடு செய்பவருக்குத் தேவையில்லை.

ஓர் உதாரணம். 30 ஊழியர்கள், மூன்று ஷிப்ட், ஒவ்வொன்றிலும் 10 பேர். பெயருக்கு வாங்கினால் 30 அனுமதி. பொதுவில் வாங்கினால் 10 போதும் என்று தோன்றும். ஆனால் ஷிப்ட் மாறும் நேரத்தில் வருபவரும் போகிறவரும் சேர்ந்து உள்ளே இருந்தால் 20 தேவை. ஆகவே, ஒரே நேரத்தில் ஆகக்கூடியது எத்தனை பேர் என்பதையே எண்ணவேண்டும்.

முறைப்படி வெளியேறாமல் கணனித் திரையை மூடிவிட்டுப் போனால், குறித்த நேரம் கழியும்வரை அந்த இடம் பிடிபட்டே இருக்கும். அடுத்தவர் வெளியில் நிற்பார். அதனால்தான் மேலாளர் யார், எப்போது உள்ளே வந்தார், கடைசியாக எப்போது வேலை செய்தார் என்ற பட்டியலைப் பார்க்கிறார்.

யார் பாவனையாளர் என்பதை ஒப்பந்தமே தீர்மானிக்கும். 2017இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் எஸ்.ஏ.பி., டியாஜியோ நிறுவனங்களுக்கிடையே நடந்த வழக்கு அப்படிப்பட்டது. இது வேறு வகை மென்பொருள். டியாஜியோவின் வாடிக்கையாளர்கள் இன்னொரு மென்பொருள் வழியாக எஸ்.ஏ.பி.க்குள் ஓடர் கொடுத்ததற்கும் அனுமதி வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. எஸ்.ஏ.பி. கேட்டிருந்த தொகை 5 கோடி பவுணுக்கு மேல்.

இன்னொன்று. காசு மிச்சம் பிடிக்க ஒருவரின் கடவுச்சொல்லில் மூன்று பேர் நுழைவதுண்டு. பெயருக்கு எழுதிய அனுமதியில் இது ஒப்பந்த மீறல். அதைவிட, யாரோ ஒருவர் வாடிக்கையாளரின் விபரத்தைத் தேவையில்லாமல் திறந்து பார்த்தாலும் பதிவில் நிற்பது உங்கள் பிள்ளையின் பெயர்தான். செய்யாத காரியத்துக்கு ஒரு பட்டியலில் பெயர் ஏறினால் என்ன நடக்கும் என்பதை எங்கள் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே பிள்ளைகளிடம் மூன்று விடயங்களைச் சொல்லுங்கள்: கடவுச்சொல்லை இரவல் கொடுக்காதே. எழும்பிப் போகமுன் வெளியேறு. வேலையை விட்டால் உன் பெயரை நீக்கச் சொல்லிக் கேள்.