வீரருக்கு விதிக்கும் தண்டனை யார் தலையில் விழுகிறது?

தொழில்முறை விளையாட்டு வீரர் ஒருவர் தம் மனைவியையோ துணைவியையோ தாக்கினார் என்று புகார் எழுந்தால், மேலை நாடுகள் சிலவற்றில் இன்று அதை இரண்டு அமைப்புகள் விசாரிக்கின்றன. ஒன்று, காவல்துறையும் நீதிமன்றமும் அடங்கிய அரசு. மற்றொன்று, அவ்வீரர் ஆடும் போட்டிகளை நடத்தும் லீக். அமெரிக்காவில் லீக் என்பது அணி உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து நடத்தும் வணிக அமைப்பு. அதன் தலைமைப் பொறுப்பில் இருக்கும் ஆணையரை நியமிப்பவர்களும் அவர்களே. ஆணையரால் எவரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. ஆனால் வீரரைக் குறிப்பிட்ட ஆட்டங்களிலிருந்து இடைநீக்கம் செய்து, அந்த ஆட்டங்களுக்குரிய சம்பளத்தை நிறுத்திவைக்க முடியும். அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல், பேஸ்பாலின் எம்எல்பி ஆகிய லீக்குகள் இந்த அதிகாரத்தை 2014 முதல் பயன்படுத்திய விதத்தைப் பார்த்தால், எத்தனை ஆட்டங்கள் என்பதைப் பற்றி நடந்த விவாதத்தில் சிறு பங்கு கூட, அந்தத் தண்டனையின் சுமை இறுதியில் யார் மேல் இறங்குகிறது என்பதைப் பற்றி நடக்கவில்லை என்பது தெரியவரும்.

நீதிமன்றம் இருக்கையில் வேலை தரும் அமைப்பு எதற்காகத் தண்டிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானதுதான். குற்றவியல் வழக்கில் குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். குடும்ப வன்முறையிலோ நேரில் கண்ட ஒரே சாட்சி பெரும்பாலும் அடிபட்டவரே. அவர் குற்றம் சாட்டப்பட்டவருடன் ஒரே வீட்டில் வாழ்பவராகவும், அவருடைய வருமானத்தை நம்பியிருப்பவராகவும், அவருடைய பிள்ளைகளுக்குத் தாயாகவும் இருக்கும்போது சாட்சிக் கூண்டில் ஏறத் தயங்குவதில் வியப்பில்லை. கொலராடோ ராக்கீஸ் அணியின் ஹோசே ரேயஸ் 2015 அக்டோபர் இறுதியில் ஹவாயில் கைதானார். மனைவி ஒத்துழைக்காததால் அவ்வழக்கு கைவிடப்பட்டது. டொராண்டோ அணியின் ரொபெர்ட்டோ ஒசுனா மீது பதிவான வழக்கில் புகார் தந்த பெண் சாட்சி சொல்ல மெக்சிகோவிலிருந்து வர முன்வரவில்லை. நன்னடத்தைக்கு உறுதிமொழி பெற்றுக்கொண்டு 2018 செப்டம்பரில் நீதிமன்றம் வழக்கை முடித்தது. இவ்விருவரையும் பேஸ்பால் லீக் தானே விசாரித்து, முறையே 51 ஆட்டங்களுக்கும் 75 ஆட்டங்களுக்கும் நீக்கிவைத்தது. வேலை தருபவர் ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிப்பதில்லை என்பதால், நம்பத்தகுந்த சான்றுகள் இருக்கின்றனவா என்ற அளவுகோலே அவருக்குப் போதுமானது. ஆகவே லீக் விசாரிக்கவே கூடாது என்று சொல்வது, புகார்களில் பெரும்பகுதியை எவரும் விசாரிக்காமல் விட்டுவிடுவதற்கு ஒப்பாகும்.

ஆனால் எதைக் கண்டு லீக் அசைகிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. என்எஃப்எல்லின் பால்ட்டிமோர் ரேவன்ஸ் அணியின் ரே ரைஸ், 2014 பிப்ரவரி 15 அன்று அட்லாண்டிக் சிட்டி நகரின் சூதாட்ட விடுதி ஒன்றின் மின்தூக்கியில், தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணை நினைவிழக்கும்படி தாக்கினார். அடுத்த சில நாட்களிலேயே, நினைவற்றுக் கிடந்த அவரை ரைஸ் மின்தூக்கியிலிருந்து வெளியே இழுத்துப்போடும் காணொளி வெளியானது; மார்ச்சில் முறையான குற்றச்சாட்டும் பதிவானது. மே மாதம் அணி நிர்வாகம் இருவரையும் செய்தியாளர்கள் முன் அருகருகே அமரவைத்தது. அன்றிரவு நடந்ததில் தமக்கிருந்த பங்கிற்காக அந்தப் பெண் வருந்துவதாகத் தன் அதிகாரபூர்வ ட்விட்டர் பக்கத்தில் எழுதவும் செய்தது. அடிபட்டவரை மன்னிப்புக் கேட்கவைத்த அந்த வரிகளை விளையாட்டு வரலாற்றின் மிக இழிவான வரிகளில் ஒன்றாகக் கொள்வது மிகையாகாது. ஜூலையில் ஆணையர் ரோஜர் குடெல் விதித்த தண்டனை 2 ஆட்டங்கள். கண்டனம் பெருகவே ஆகஸ்ட் 28 அன்று, தாம் சரியாகச் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்ட குடெல், முதல் குற்றத்துக்கு 6 ஆட்டங்கள் என்றும், இரண்டாம் குற்றத்துக்கு லீக்கிலிருந்தே வெளியேற்றம் என்றும், ஓராண்டு கழித்துத் திரும்பிவர விண்ணப்பிக்கலாம் என்றும் புதிய விதியை அறிவித்தார். செப்டம்பர் 8 அன்று மின்தூக்கிக்குள் விழுந்த அடியையே காட்டும் இரண்டாவது காணொளி வெளியானது. அன்றே அணி அவரை நீக்கியது, லீக் காலவரையற்ற தடை விதித்தது.

முதல் காணொளிக்கும் இரண்டாவது காணொளிக்கும் இடையே செயல் மாறவில்லை. ஊர் பார்த்துவிட்டது என்பது மட்டுமே மாறியது. ரைஸ் நடந்ததைத் தங்களிடம் மறைத்துவிட்டார் என்று லீக் வாதிட்டது. நடுநிலைத் தீர்ப்பாளராக நியமிக்கப்பட்ட முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் அதை ஏற்காமல், ஒரே செயலுக்கு இருமுறை தண்டித்தது தன்னிச்சையானது என்று கூறி 2014 நவம்பரில் தடையை நீக்கினார். கரோலினா பாந்தர்ஸ் அணியின் கிரெக் ஹார்டி விஷயத்தில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. முன்னாள் காதலியைத் தாக்கிய வழக்கில் 2014 ஜூலையில் ஒரு நீதிபதி அவரைக் குற்றவாளி என்று அறிவித்திருந்தார். ஜூரி முன் மறுவிசாரணை கோரியிருந்த ஹார்டி, செப்டம்பரில் பருவத்தின் முதல் ஆட்டத்தில் வழக்கம்போல் களமிறங்கினார். அவரைக் களத்திலிருந்து அகற்றியது நீதிபதியின் தீர்ப்பு அல்ல. அடுத்த நாள் வெளியான வேறொருவருடைய, அதாவது ரைஸின், காணொளி. சாட்சி கிடைக்காமல் அவ்வழக்கு 2015 பிப்ரவரியில் கைவிடப்பட்ட பிறகு லீக் 10 ஆட்டங்கள் தடை விதித்தது. இத்தனை கடுமை வரும் என்று வீரர்களுக்கு முன்கூட்டி அறிவிக்கப்படவில்லை என்ற காரணத்தால் மேல்முறையீட்டில் அது 4 ஆகக் குறைந்தது. ஆத்திரத்தில் கூட்டிய தண்டனை மேல்முறையீட்டில் நிற்பதில்லை என்பதற்கு இவ்விரு தீர்ப்புகளே போதும்.

பேஸ்பால் வேறு வழியில் சென்றது. லீக்கும் வீரர் சங்கமும் பேசி முடிவுசெய்து 2015 ஆகஸ்டில் வெளியிட்ட கூட்டுக் கொள்கையில் குறைந்தபட்சத் தண்டனையும் இல்லை, அதிகபட்சமும் இல்லை. ஆணையர் ஒவ்வொரு நிகழ்வையும் தனியே எடைபோடுவார், வல்லுநர் குழு வீரருக்கு மனநல ஆலோசனைத் திட்டம் வகுக்கும். குற்றம் நிரூபணமாகி நீதிமன்றத் தண்டனை கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியதும், வீரர் சங்கத்தின் ஒப்புதலோடு வந்ததும் இக்கொள்கையின் பெரும் பலம். ஆனால் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து பிடிபட்டால் முதல் முறைக்கு 80 ஆட்டங்கள், இரண்டாம் முறைக்கு 162, மூன்றாம் முறைக்கு ஆயுட்காலத் தடை என்று கையிருப்பில் திட்டமான கணக்கு வைத்திருக்கும் அதே லீக், மனைவியை அடித்தவருக்கு மட்டும் அப்படி ஒரு தொடக்க அளவைக் கூட எழுதிவைக்கவில்லை. இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில், முன்கூட்டி எழுதப்பட்ட கணிசமான குறைந்தபட்சமும், காயத்தின் தன்மை, ஆயுதம், கர்ப்பம், பிள்ளைகள் முன்னிலை போன்றவற்றால் அது கூடும் விதமும் அடங்கிய விதிமுறையே நீதிக்கு நெருக்கமானது.

இரண்டாம் குற்றத்துக்கு வெளியேற்றம் என்ற விதி கேட்பதற்கு உறுதியாக ஒலிக்கிறது. ஆனால் என்எஃப்எல் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றில் சம்பளத்தின் ஒரு பகுதிக்கு மட்டுமே உத்தரவாதம் உண்டு. அணி நீக்கிவிட்டால் மீதி போய்விடும். கணவரின் விளையாட்டு வாழ்வு சில ஆண்டுகளே நீடிக்கும் என்பதையும், இன்னொரு புகார் அதை முடித்துவிடும் என்பதையும் அறிந்த பெண், அடுத்த முறை காவல்துறையை அழைப்பதற்கு முன் வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் படிப்பையும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கும். அவர் வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் இழப்பார் என்று கணவரும் கணவரின் உறவினரும் அணி அலுவலர்களும் அவருக்கு நினைவூட்டிக்கொண்டிருப்பார்கள். ரைஸ் நீக்கப்பட்டதற்கு மறுநாள் அவருடைய மனைவி (மின்தூக்கியில் தாக்கப்பட்ட அதே பெண்), கணவர் வாழ்நாள் முழுதும் உழைத்துச் சேர்த்ததைப் பறித்துவிட்டார்கள் என்று பொதுவெளியில் வேதனைப்பட்டதைப் பலர் அறியாமை என்று ஒதுக்கினார்கள். அந்தத் தண்டனையைத் தானும் சேர்ந்து அனுபவிக்கும் ஒருவருடைய சொல் என்று அதைக் கேட்டிருக்க வேண்டும்.

சம்பளத்தை நிறுத்துவதும் இதே குறையை உடையது. நிறுத்திவைத்த பணம் பெரும்பாலும் அணி உரிமையாளரிடமே மிஞ்சுகிறது. வீரரின் வீட்டில் வருமானம் நிற்கிறது. இடைநீக்கக் காலச் சம்பளத்தில் ஒரு பகுதியை நடுநிலையான அறக்கட்டளை ஒன்றில் செலுத்தி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் அதிலிருந்து அவருடைய தங்குமிடம், மருத்துவம், வழக்கறிஞர், பிள்ளைகளின் செலவு ஆகியவற்றுக்கு வழங்குவதே முறை. கணவர் ஆடாத நாட்களிலும் தம் கையில் பணம் இருக்கும் என்ற நிலை வந்தால்தான் வீட்டை விட்டு வெளியேறுவதோ வெளியேறாதிருப்பதோ அந்தப் பெண்ணின் சொந்த முடிவாக இருக்கும்.

அணிகள் இதிலிருந்து ஆதாயம் பெறுவதையும் நிறுத்த வேண்டும். பேஸ்பாலில் உலகின் மிக வேகமான பந்துவீச்சாளர்களில் ஒருவரான அரோல்டிஸ் சாப்மன், 2015 அக்டோபரில் தம் வீட்டில் துணைவியுடன் ஏற்பட்ட தகராறில் அவருடைய கழுத்தை நெரித்ததாகக் காவல்துறையிடம் புகார் செய்யப்பட்டது. சாப்மன் அதை மறுத்தார், ஆனால் வாகனக் கொட்டகையில் துப்பாக்கியால் சுட்டதை ஒப்புக்கொண்டார், வழக்கு பதிவாகவில்லை. செய்தி வெளியானதும் லாஸ் ஏஞ்சலஸ் அணி அவரை வாங்குவதிலிருந்து பின்வாங்கியது. நியூயார்க் யாங்கீஸ் குறைந்த விலைக்கு வாங்கியது. லீக் அவருக்கு 30 ஆட்டங்கள் தடை விதித்தது; அவர் இழந்தது ஏறத்தாழ 18.5 லட்சம் டாலர். ஜூலையில் யாங்கீஸ் அவரைச் சிகாகோ கப்ஸ் அணிக்குக் கொடுத்து நான்கு வீரர்களைப் பெற்றது. 108 ஆண்டுகளுக்குப் பிறகு கப்ஸ் வென்ற 2016 உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில் வெற்றிப் பந்துவீச்சாளராகப் பதிவானவர் சாப்மன்தான். அவ்வாண்டு இறுதியில் யாங்கீஸே 8.6 கோடி டாலருக்கு அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஒசுனாவை அவருடைய தடைக்காலத்திலேயே வாங்கிய ஹூஸ்டன் அணியின் துணைப் பொது மேலாளர், 2019 அக்டோபரில் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது பெண் செய்தியாளர்களைப் பார்த்து, ஒசுனா கிடைத்ததற்கு உரக்க நன்றி கூவினார். செய்தி பொய் என்று முதலில் மறுத்த நிர்வாகம் பிறகு அவரை நீக்கி மன்னிப்புக் கேட்டது. தடைக்காலத்திலும் அதன் பிறகு ஓராண்டுக்கும் அத்தகைய வீரரை வேறு அணிக்கு மாற்றுவதைத் தடுக்கும் விதி இருந்தால் இந்த வணிகம் நடந்திருக்காது.

விசாரணை முடியும்வரை என்ன செய்வது என்பதில் ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் 2019இல் எடுத்த வழி கவனத்துக்குரியது. 11 ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனைக்குரிய குற்றச்சாட்டு பதிவானால், குற்றவாளி என்று கருதாமலேயே, முழுச் சம்பளத்துடன் வீரர் ஒதுக்கிவைக்கப்படுவார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான மற்றக் குற்றச்சாட்டுகளில் லீக் தன் விருப்புரிமையைப் பயன்படுத்தலாம். ஜாக் டி பெலின் என்ற வீரர் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கு தோற்றது. ஆனால் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வராமல் அவர் மீதான குற்றவழக்கு 2021இல் கைவிடப்பட்டபோது அவர் இரண்டு பருவங்களுக்கு மேல் இழந்திருந்தார். நீதிமன்றத்தின் வேகத்துக்கு லீக் தன்னைக் கட்டிக்கொள்வதால் வரும் கேடு இது. லீக்கின் சொந்த விசாரணை மூன்று நான்கு மாதங்களில் முடியும்படி காலவரையறை வேண்டும். தீர்ப்பு சொல்பவரும் உரிமையாளர்களின் ஊழியராக இருக்கக் கூடாது. 2020 ஒப்பந்தத்தின்படி என்எஃப்எல்லில் லீக்கும் சங்கமும் சேர்ந்து நியமிக்கும் அதிகாரி முதல் தீர்ப்பை வழங்குகிறார்; மேல்முறையீடு மட்டும் இன்னும் ஆணையரின் கையில் இருப்பதால் அந்தச் சீர்திருத்தம் பாதியில் நிற்கிறது.

இந்தியாவில் 2018 மார்ச்சில் வேகப்பந்து வீச்சாளர் முகமது ஷமி மீது அவருடைய மனைவி, குடும்ப வன்முறை, ஆட்டச் சூதாட்டம் உள்ளிட்ட பல குற்றச்சாட்டுகளைக் கூறினார். ஷமி அனைத்தையும் மறுத்தார். கிரிக்கெட் வாரியம் அவருடைய ஆண்டு ஒப்பந்தத்தை நிறுத்திவைத்து, ஆட்டச் சூதாட்டத்தில் அவருக்குத் தொடர்பு உண்டா என்பதை மட்டும் தன் ஊழல் தடுப்புப் பிரிவைக் கொண்டு விசாரித்தது. இல்லை என்று அறிக்கை வந்ததும் அதே மாதத்தில் ஒப்பந்தத்தை வழங்கியது. வன்முறைப் புகார் நீதிமன்றத்துக்கே விடப்பட்டது. அந்தப் புகாரில் உண்மை எது என்பதை இங்கே முடிவுசெய்ய இயலாது. ஆனால் ஆட்டத்தின் நேர்மைக்கு ஊறு என்று ஒருவர் சொன்னதும் விசாரிக்கத் தனிப்பிரிவையும் முன்னாள் காவல்துறைத் தலைவரையும் வைத்திருந்த வாரியம், ஒரு பெண்ணின் உடலுக்கு ஊறு என்ற புகாரை விசாரிக்கவும் அதே தகுதியுடைய, அதே சுதந்திரமுடைய ஒரு பிரிவை, அடுத்த புகார் வருவதற்கு முன்பே அமைக்க வேண்டும்.