தரைவழியே சென்றவர்

1890 ஆம் ஆண்டிலே ருஷியாவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கோடியிலுள்ள சகலின் தீவுக்குச் செல்ல இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று கடல்வழி: ஒடெசாத் துறைமுகத்திற் கப்பலேறி, சுயஸ் கால்வாயைக் கடந்து, இந்து சமுத்திரத்தினூடே ஆசியாவைச் சுற்றிச் செல்லலாம். விலங்கிட்ட கைதிகளைக்கூட அரசாங்கம் அவ்வழியாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. மற்றது தரைவழி. அக்காலத்துப் புகையிரதம் உரால் மலைக்கு அப்பால் தியூமென் நகரோடு நின்றுவிடும். அதன்பின் 4,000 கிலோமீற்றருக்கு மேல் குதிரைவண்டியே கதி.

முப்பது வயதான அன்ரன் செக்கோவ் தரைவழியைத் தேர்ந்துகொண்டார்.

அவர் திடகாத்திரமானவரல்லர். 1884 இலேயே இருமலோடு இரத்தம் கண்டவர். வைத்தியராதலின் அதன் பொருளை அறியாதவருமல்லர். தமையன் நிக்கொலாய் காசநோயால் இறந்து ஓராண்டுகூட நிறையவில்லை. 1888 இல் புஷ்கின் பரிசு பெற்று, புகழ் கைகூடி வந்த வேளை வேறு. நண்பரும் பத்திரிகாசிரியருமான சுவோரினே இப்பயணம் யாருக்கு வேண்டியது என்று கேட்டார். சகலினிற் செக்கோவ் செய்த வேலையைப் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். நாம் இங்கே பேசப்போவது அந்த வழியைப் பற்றி.

பழைய ருஷியப் பஞ்சாங்கப்படி ஏப்ரல் 21 ஆந் திகதி அவர் மொஸ்கோவை விட்டுப் புறப்பட்டார். இன்றைய கணக்கில் மே 3. (இக்கட்டுரையிலுள்ள பயணத் திகதிகள் யாவும் பழைய கணக்கே, பன்னிரண்டு நாளைக் கூட்டிக்கொள்க.) வொல்கா, காமா நதிகளில் நீராவிக்கப்பல், பேர்ம் நகரிலிருந்து மீண்டும் புகையிரதம், மே 3 ஆந் திகதி தியூமெனிற் குதிரைவண்டி. கோடையின் வாசலை எதிர்பார்த்துப் போனவரைப் பனியும் இலையில்லா மரங்களும் வரவேற்றன. சேற்றுக் குட்டைகள் உறைந்து கிடந்தன. காலைக் கடித்த தோற்சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வழியில் ஒரு சோடி கம்பளிச் சப்பாத்து வாங்கி அணிந்துகொண்டார். பல்லாயிரங் கிலோமீற்றர் விரிந்த நாட்டிலே கோடை எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருவதில்லை என்பதைப் புவியியற் புத்தகம் ஒரு வரியிற் சொல்லிவிடும். அவர் அதைத் தம் கால்விரல்களிற் படித்தார்.

மே 6 ஆந் திகதி, விடியுமுன், எதிரே தபால் வண்டிகள் மூன்று பாய்ந்து வந்தன. சாரதிகள் உறங்கிவிட்டிருந்தனர். இரண்டாவது வண்டி மோதியதிற் செக்கோவ் தரையில் வீழ்ந்தார். மூட்டை முடிச்சுகள் அவர்மேல் வீழ்ந்தன. எழுந்து நிற்பதற்குள் அடுத்த வண்டியும் வந்துவிட்டது. எலும்பொன்றும் முறியவில்லை. கடிவாளங்கள் அறுந்து கிடக்க, சாரதிகள் இருளில் ஒருவரையொருவர் ஏசி அடித்துக்கொண்ட காட்சியை அவர் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் நகைச்சுவை குன்றாமலே வருணிக்கிறார். பின்பு இர்திஷ் நதியின் வெள்ளம்; பின்பு தோம் நதியைப் புயற்காற்றிற் படகிலே கடந்த ஆபத்து.

கைத்துப்பாக்கியொன்றை அவர் கூடவே கொண்டு சென்றார். குற்றவாளிகளை நாடுகடத்தும் பூமி என்பதல்லவா சைபீரியாவைப் பற்றிய பேச்சு! ஆனால் அந்தத் துப்பாக்கிக்கு வழி நெடுகிலும் வேலையே இருக்கவில்லை. பிரயாணியின் பொருளை யாரும் தொடவில்லை. ஏழைக் குடியானவன் வீட்டிலும் அறை துப்புரவாயிருந்தது, படுக்கை மிருதுவாயிருந்தது, ரொட்டி சுவையாயிருந்தது. ஒரு வீட்டிலே ஒரு கைக்குழந்தை. அவ்வழியாற் சென்ற பெண்ணொருத்தி விட்டுப்போனது. பிள்ளையில்லாத அந்தத் தம்பதிகள் அதனிடம் உயிரையே வைத்துவிட்டனர். தாய் என்றேனும் திரும்பிவந்து கேட்டுவிடுவாளோ என்ற அச்சமே இப்போது அவர்களைத் தின்கிறது. செக்கோவ் இதற்குமேல் எதுவும் சேர்க்கவில்லை. இதை ஒரு சிறுகதையாக விரித்திருக்கலாமே என்று வாசகனுக்குத் தோன்றும்; விரிக்காமல் விட்டதே நன்று என்பது என் எண்ணம்.

அதே வீதியில் விலங்கொலியும் கேட்டது. முப்பது நாற்பது கைதிகள், இருமருங்கும் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள், பின்னே இரண்டு வண்டிகள். கடல்வழிச் சென்றிருந்தால் இவர்களை அவர் கண்டிருக்கமாட்டார். மரணதண்டனைக்குப் பதிலாக வந்த ஆயுட்கால நாடுகடத்தல் உண்மையிலே கருணைதானா, திரும்பிவர முடியாது என்று மனிதனுக்குச் சொல்வது மரணத்தினின்று எவ்வளவு தூரம் வேறானது என்ற கேள்வியை அவர் எழுப்பியது சகலினை அடைந்த பின்னரன்று, இந்த வழியிலேதான். 'நோவயே வ்ரேம்யா' பத்திரிகைக்கு எழுதிய ஒன்பது கட்டுரைகளிலே அதைக் காணலாம். 'சைபீரியாவிலிருந்து' என்னும் அத்தொகுதியை விமர்சகர்கள் சகலின் நூலின் முற்றமாகவே கருதுகின்றனர். எனக்கோ முற்றத்தில் இருக்கும் காற்று வீட்டுக்குள் இல்லை.

தொம்ஸ்க் நகரம் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. 130 ரூபிள் கொடுத்துச் சொந்தமாக ஒரு வண்டியை அங்கே வாங்கினார். அதுவும் சேற்றுப் பாதையில் அடிக்கடி உடைந்தது. (அந்நகரத்தார் 2004 இல் அவருக்கு ஆற்றங்கரையிற் சிலை வைத்தனர். வெறிகொண்ட குடியானவன் ஒருவன் பள்ளத்திற் கிடந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படியான செக்கோவ்! பழிவாங்க அவர்களுக்கு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.)

கிரஸ்நயார்ஸ்கில் யெனிசேய் நதியைக் கண்டபோதுதான் அவர் பேனா மலர்கிறது. அத்தகைய நதியைத் தம் வாழ்நாளிலே கண்டதில்லை என்கிறார். வொல்காவின் கரையிற் சோர்வையே எழுதியவர் இங்கே மனிதனின் வலிமையையும் வருங்காலத்தையும் நினைக்கிறார். அங்கிருந்து இர்க்குத்ஸ்க் வரை தைகாக் காடு. அதன் பெருமை மரங்களின் உயரத்திலன்று, முடிவின்மையிலே என்பது அவர் கண்ட உண்மை. மூன்று வாரத்துக்கு முன் குளிரில் நடுங்கியவரை இப்போது வெயிலும் புழுதியும் வாட்டின. கோடை அவரைத் தேடி வரவில்லை. அவர்தாம் வண்டியோட்டி அதைப் பிடித்தார். ஜூன் 4 இல் இர்க்குத்ஸ்க். அப்பால், அடிவரை தெளிந்த நீரையுடைய பைக்கால் ஏரி. ஜூன் 20 ஆந் திகதி ஸ்ரேத்தென்ஸ்கை அடைந்தபோது நீராவிக்கப்பல் புறப்பட ஒரு மணி நேரமே எஞ்சியிருந்தது.

அமூர் நதியிற் கப்பல் செல்கையில் அவர் வியந்தது மலைகளை மட்டுமல்ல. கப்பலில் இருந்தோர் அரசாங்கத்தைப் பற்றி அச்சமின்றி உரக்கப் பேசினார்கள். மேலும் எங்கே நாடுகடத்துவது? ஜூலை 11 இல் சகலின். மூன்று மாதத்தில் ஏறக்குறையப் பத்தாயிரம் பேரைத் தனியொருவராகச் சந்தித்து, அச்சிட்ட அட்டைகளில் அவர்களுடைய விபரங்களைக் குறித்தார். குடிசை குடிசையாக ஏறி இறங்கும் பொறுமை அவருக்குப் புதிதன்று. இரண்டரை மாதமாக வழியில் அதைத்தானே செய்துவந்தார்.

மறு ஆண்டே, 1891 இல், சைபீரியப் புகையிரதப் பாதையின் வேலை தொடங்கிற்று. இன்று மொஸ்கோவிலிருந்து விளாடிவொஸ்தொக் வரையுள்ள ஏறத்தாழ 9,300 கிலோமீற்றரை ஒரு வாரத்திற் கடந்துவிடலாம். யெனிசேய்ப் பாலத்தைத் தாண்டச் சில நிமிடம்.

திரும்பும்போது செக்கோவ் கடல்வழியே வந்தார். சிங்கப்பூரை நோக்கி வரும் வழியில் இறந்த இருவரைக் கடலில் இறக்கியதைப் பார்த்தார். பின்பு கொழும்பு, அங்கிருந்து கண்டிக்குப் புகையிரதப் பயணம், ஊருக்குக் கொண்டுபோகக் கீரிகள். தாயகம் திரும்பும் கப்பலில் நோயுற்று இறந்து, கடலில் எறியப்படும் ஒரு சிப்பாயின் கதையான 'கூசெவ்' இலங்கையிலே கருக்கொண்டது. டிசம்பரில் அதைப் பத்திரிகைக்கு அனுப்பியபோது, விரும்பினால் அடியிற் 'கொழும்பு, நவம்பர் 12' என்று போட்டுக்கொள்ளலாம் எனச் சுவோரினுக்கு வேடிக்கையாக எழுதினார்.