காச்சிலும் கருவைத் தாங்கும் ஹார்மோனும்

மார்கழித் திருவாதிரை வந்தால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துச் சந்தைகளில் காச்சில் கிழங்குக்குத் தனி மவுசு. அதன் மெக்சிகோ சொந்தக்காரக் கிழங்கிலிருந்துதான், 1940களில் அமெரிக்க வேதியியலர் ரஸ்ஸல் மார்க்கர், கருவைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனைக் கிலோக்கணக்கில் தயாரித்தார். அதுவரை பன்றிகளின் சினைப்பையிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுத்த சரக்கு அது. அதற்காகக் காச்சில் புழுக்கு தின்றால் கரு தங்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிழங்கிலுள்ள டயோஸ்ஜெனினை ஹார்மோனாக மாற்ற ஆய்வுக்கூடத்தால் முடியும். நம் உடம்பால் முடியாது.

உறையவைத்த கருவைக் கருப்பையில் வைக்கும் சிகிச்சையில் இந்த ஹார்மோன்தான் எல்லாம். வழக்கமான மாதத்தில் முட்டை வெளியேறிய இடத்தில் 'கார்பஸ் லூட்டியம்' என்னும் மஞ்சள் நிறத் திசு உருவாகி அதைச் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்துக் கருப்பையின் உள்சவ்வை வளர்க்கும் முறையில் பெரும்பாலும் முட்டையே வெளியேறாது. மஞ்சள் திசுவும் கிடையாது. வெளியிலிருந்து வரும் மருந்துதான் ஒரே வரவு. ஐந்து நாள் வளர்ந்த கருவை, புரோஜெஸ்டிரோன் தொடங்கி ஐந்து நாள் ஆனபின் வைப்பார்கள். சவ்வும் கருவும் ஒரே வயதில் இருக்க வேண்டுமே! முதல் மருந்தின் நேரத்தை மருத்துவர் அவ்வளவு கறாராகச் சொல்வது இதற்குத்தான்.

பிறப்புறுப்பில் வைக்கும் மருந்தா, இடுப்பில் போடும் எண்ணெய் ஊசியா? ஊசி வலிக்கும், போட்ட இடம் கட்டிக்கொள்ளும். ஆனாலும் 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உள்ளே வைக்கும் மருந்தை மட்டும் பயன்படுத்தியவர்களிடம் குழந்தைப் பேறு 27 சதவீதம். தினமும் ஊசி போட்டவர்களிடம் 44. மருந்தோடு மூன்று நாளுக்கொரு ஊசியும் சேர்த்தவர்களிடம் 46. என் கணக்கில் இந்த மூன்றாவது வழி வலிக்கும் பலனுக்கும் நல்ல சமரசம். உள்ளே வைத்த மருந்து வெள்ளையாகக் கசிந்தால் பல பெண்கள் பதறுகிறார்கள். கசிவது பெரும்பாலும் மருந்தைச் சுமந்துவந்த பொருள்தான். மருத்துவரைக் கேட்காமல் கூடுதலாக ஒன்று வைக்க வேண்டியதில்லை.

மாதவிடாய் ஒழுங்காக வருபவர்களுக்கு, சொந்த முட்டை வெளியேறும் மாதத்திலேயே கருவை வைக்கலாம். கொல்கத்தாவில் 1978இல் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், உறையவைத்த கருவை முட்டை எடுத்த மாதத்தில் வைக்காமல் பின்னொரு இயல்பான மாதத்தில் வைத்தே துர்கா என்ற சோதனைக்குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்தார். மஞ்சள் திசு இல்லாத கர்ப்பங்களில் முன்சூல்வலிப்பு என்னும் ரத்த அழுத்தக் கோளாறு சற்று அதிகம் என்று அண்மை ஆய்வுகள் காட்டுவதால், அந்த இயல்பு வழிக்கு மீண்டும் மதிப்பு கூடியிருக்கிறது. மாத்திரை வழியில் போனவர்களோ, பரிசோதனையில் இரட்டைக் கோடு விழுந்ததும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஹார்மோன் சுரக்கும் பொறுப்பை நஞ்சுக்கொடி ஏழு முதல் ஒன்பது வாரத்துக்குள் ஏற்கும். பத்துப் பன்னிரண்டு வாரம்வரை மருந்து தொடரும்.