7.10-க்கு அனுப்பின மெயில் 9.40-க்கு வந்தது ஏன்?

பனிக்காலத்துல தமிழ்ப் பள்ளி நடத்துறவங்களுக்குத் தெரியும், ஒரு மெயில் எவ்வளவு முக்கியம்னு. போன ஜனவரியில ஒரு சனிக்கிழமை, ரோடு மோசமா இருந்ததால எங்க பள்ளிச் செயலாளர் அக்கா காலை 7.10-க்கே "இன்று வகுப்பு இல்லை" என்று எல்லாருக்கும் அனுப்பிட்டாங்க. வகுப்பு 9.30-க்கு. மத்தவங்களுக்கு உடனே கிடைச்சது. ஜிமெயில் வைத்திருந்த பலருக்கு 9.40 ஆயிடுச்சு. சில குடும்பங்கள் பனியில 40 நிமிஷம் ஓட்டி வந்து பூட்டின கதவைத்தான் பார்த்தாங்க. வாட்ஸ்அப் குழுவுல திட்டு வாங்கினது அக்கா.

பள்ளியின் மெயில் சர்வர்ல ஓடுறது போஸ்ட்ஃபிக்ஸ், 1998-ல வீட்சே வெனெமா வெளியிட்ட மென்பொருள். "சர்வர் ஸ்லோ, ரீஸ்டார்ட் பண்ணுங்க"ன்னு பல குரல். அதுல பயன் இல்லை. போகாத மெயில்கள் டிஸ்க்ல வரிசையாக் கிடக்கும், ரீஸ்டார்ட் பண்ணினாலும் அங்கேயேதான் இருக்கும். முதல்ல பார்க்க வேண்டியது லாக்.

ஒவ்வொரு மெயிலுக்கும் லாக்ல "டிலேஸ்" என்று நாலு எண் இருக்கும். முதலாவது, மெயில் வந்ததுல இருந்து கடைசியா அனுப்பும் வரிசைக்குள்ள போன வரை ஆன நேரம். ரெண்டாவது, அந்த வரிசையில காத்திருந்தது. மூணாவது, எதிர் சர்வரோட இணைப்பு கிடைக்க ஆனது. நாலாவது, மெயிலைக் கொடுத்து முடிக்க ஆனது. எங்களுக்குக் கிடைச்சது 8980/0.1/0.6/0.9. கடைசி மூணையும் கூட்டினா ரெண்டு செகண்ட் கூட இல்லை. சர்வர் வேகமாத்தான் இருந்திருக்கு! ரெண்டரை மணி நேரமும் போனது முதல் எண்ணுல, அதாவது "இப்ப வேண்டாம், அப்புறம் வா"ன்னு திருப்பி அனுப்பப்பட்டுக் கிடந்த நேரம்.

திருப்பினது ஜிமெயில். 421-ன்னு தொடங்கும் பதில். 4-ல தொடங்கினா தற்காலிக மறுப்பு, 5-ல தொடங்கினா நிரந்தர மறுப்பு. காரணமும் அதுலயே இருந்தது: எஸ்பிஎஃப் சரியில்லை, அதனால வேகத்தைக் கட்டுப்படுத்துறோம். எந்த ஐபியிலிருந்து நம்ம பேர்ல மெயில் வரலாம்னு சொல்ற பதிவுதான் எஸ்பிஎஃப். ஹோஸ்டிங் நிறுவனம் நவம்பர்ல சர்வரை வேற இடத்துக்கு மாத்தியிருக்கு, ஐபியும் மாறியிருக்கு, பள்ளிக்கு ஒரு வார்த்தை சொல்லலை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இந்த விஷயத்துல ரொம்பக் கறார்.

திருப்பின மெயிலைப் போஸ்ட்ஃபிக்ஸ் மறுபடி முயற்சி செய்யும். ஆனா ஏற்கனவே காத்திருந்த நேரம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் இன்னும் பொறுக்கும்; குறைஞ்சது 300 செகண்ட், அதிகபட்சம் 4000. கணக்குப் போட்டுப் பாருங்க: 7.15, 7.20, 7.30, 7.50, 8.30. அதுக்கப்புறம் 4000 செகண்ட். இந்த வரிசையை 5 நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் அது புரட்டிப் பார்க்கும், ஆக 9.40. பொறுமை இல்லாம எல்லாத்தையும் ஒரே நேரத்துல "ஃப்ளஷ்" பண்ணினா, அத்தனையும் மறுபடி ஜிமெயில் வாசல்ல போய் நிக்கும், கட்டுப்பாடு இன்னும் இறுகும்.

எஸ்பிஎஃப்ல புது ஐபியைச் சேர்த்தோம், டிகிம் கையெழுத்தும் வச்சோம். ஜிமெயிலுக்கு மட்டும் ஒரு மெயிலுக்கும் அடுத்ததுக்கும் ஒரு செகண்ட் இடைவெளி. ஜிமெயில் குடும்பங்கள் 280, அப்பவும் சீக்கிரமே முடிஞ்சிடும். தாமத எச்சரிக்கை போஸ்ட்ஃபிக்ஸ்ல இயல்பா அணைஞ்சே இருக்கும், அதை 15 நிமிஷம்னு வச்சாச்சு. பனி நாளுக்கு எஸ்எம்எஸ்ஸும் வேணும்ங்கிறது என் கட்சி. குழுவுல இன்னும் விவாதம் ஓடுது.

உங்க பள்ளி மெயில் லேட்டா வந்தா, ஜிமெயில்ல அந்த மெயிலைத் திறந்து, மூணு புள்ளியைத் தட்டி "ஷோ ஒரிஜினல்" போங்க. இதைக் கம்ப்யூட்டர்ல பண்ணணும். அனுப்பின நேரமும், எத்தனை செகண்ட் கழிச்சு வந்துச்சுங்கிறதும் மேலேயே இருக்கும். ரெண்டு மூணு செகண்டுன்னா அனுப்பினதே லேட். ஆயிரக்கணக்குல இருந்தா வரிசையில கிடந்திருக்கு. அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, சர்வரைப் பார்த்துக்கிறவருக்கு அனுப்புங்க.