எதிரி வாங்கிக் கொடுத்த வீரப் பதக்கம்

1942ஆம் ஆண்டு, மார்ச் 28ந்தேதி. அதிகாலை மணி 1-34.

பிரான்ஸ் நாட்டில் உள்ள செயின்ட் நசேர் துறைமுகம் அப்போது ஜெர்மானியர் கையில் இருந்தது. அங்கே ஒரு பெரிய இரும்புக் கதவின் மீது, முழு வேகத்தில் வந்து மோதியது ஒரு கப்பல். மோதியவர்கள் இங்கிலாந்து மாலுமிகள். வழி தவறி மோதவில்லை. மோதுவதற்காகவே வந்தார்கள்!

எதற்காக?

ஜெர்மனியிடம் "டிர்பிட்ஸ்" என்ற ராட்சதப் போர்க்கப்பல் இருந்தது. அது அட்லாண்டிக் கடலுக்கு வந்து அடிபட்டால், அதைப் பழுது பார்க்கக்கூடிய பெரிய துறை அந்தக் கரையில் செயின்ட் நசேரில் மட்டும்தான் உண்டு. அந்தத் துறையின் கதவை உடைத்துவிட்டால்? டிர்பிட்ஸ் அந்தப் பக்கம் தலை காட்டத் தயங்கும்.

பழைய கப்பல்

இதற்கென்று "கேம்பல்டவுன்" என்ற பழைய கப்பலைத் தேர்ந்தெடுத்தார்கள். அமெரிக்கா கொடுத்த கப்பல். நான்கு புகைபோக்கிகளில் இரண்டை வெட்டி எறிந்து, ஜெர்மன் கப்பல் போல வேஷம் போட்டார்கள். முன்பக்கத்தில் நாலு டன்னுக்கு மேல் வெடிமருந்தை ஒளித்து வைத்தார்கள்.

கூடவே சிறு மோட்டார் படகுகள் சென்றன. பெரும்பாலும் மரப்படகுகள், மேல்தளத்தில் பெட்ரோல் தொட்டிகள். ஒரு குண்டு பட்டால் போதும்! மாலுமிகளும் கமாண்டோ வீரர்களுமாக, அறுநூறு பேருக்குச் சற்று அதிகம். திரும்பி வருவது கடினம் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் போனார்கள்.

கரையை நெருங்கியதும் விளக்குகள் பளிச்சிட்டன. பீரங்கிகள் முழங்கின. படகுகள் ஒவ்வொன்றாகத் தீப்பற்றின. தண்ணீரிலேயே நெருப்பு எரிந்தது. கரையில் குதித்த கமாண்டோக்கள் துறையின் இயந்திரங்களைத் தகர்த்தார்கள். ஆனால் திரும்பிப் போகப் படகு இல்லை. பெரும்பாலோர் பிடிபட்டார்கள்.

விடிந்தது. கேம்பல்டவுன் வெடிக்கவில்லை! ஜெர்மானியர் பலர் அதில் ஏறி வேடிக்கை பார்த்தார்கள். அதன் தலைவர் பீட்டியும் அப்போது கைதி. "இந்தக் கதவைச் சரி செய்ய அதிக நாள் ஆகாது" என்ற பொருளில் ஓர் அதிகாரி அவரிடம் பேசிக்கொண்டிருந்தாராம். அந்த நேரத்தில்தான் கப்பல் வெடித்தது. கதவு தூள்! கப்பலில் ஏறியிருந்தவர்களும் மாண்டார்கள். போர் முடியும் வரை அந்தத் துறை எதற்கும் பயன்படவில்லை.

இருபத்து மூன்று வயது சார்ஜென்ட்

தப்பி ஓடிய படகு ஒன்றின் கதைதான் உருக்கமானது. அதன் எண் 306. கரையில் இறங்க முடியாமல், கமாண்டோக்களோடு கடலுக்குத் திரும்பியது. வழியில் "யாகுவார்" என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மறித்தது. யானைக்கு முன் எலி!

படகில் இருந்தவர் சார்ஜென்ட் தாமஸ் டரன்ட். வயது 23. இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்டார். கையில் காயம், காலில் காயம், மார்பில் காயம். நிற்க முடியவில்லை, துப்பாக்கித் தாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சரணடையுங்கள்" என்றார் ஜெர்மன் தலைவர் பவுல். டரன்டின் பதில் குண்டுதான்! சுற்றிலும் தோழர்கள் விழுந்த பிறகுதான் படகு பணிந்தது. டரன்ட் அந்தக் காயங்களால் இறந்து போனார்.

அவர் வீரத்தை மேலிடத்தில் சொல்ல யார் இருக்கிறார்கள்? பார்த்த தோழர்களில் உயிர் தப்பியவர்கள் எல்லாம் கைதிகள்.

சொன்னவர் பவுல்! கைதியாக இருந்த கமாண்டோ தளபதி நியூமனைச் சந்தித்து, "உங்கள் படகில் ஒருவர் இப்படிப் போரிட்டார்" என்று எடுத்துரைத்தார். யுத்தம் முடிந்து நியூமன் ஊர் திரும்பினார். டரன்டுக்கு விக்டோரியா சிலுவைப் பதக்கம் தரப்பட்டது. ஆண்டு 1945. இங்கிலாந்தின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் அது. பகைவர் வாய்மொழியால் அது கிடைப்பது மிக அபூர்வம்.

அந்த ஒரே தாக்குதலுக்கு ஐந்து விக்டோரியா சிலுவைகள் கிடைத்தன. உயிர் இழந்தவர்கள் 169 பேர்.

அவர்கள் புறப்பட்ட பால்மவுத் துறைமுகத்திலும், போரிட்ட செயின்ட் நசேரிலும் நினைவுக் கற்கள் நிற்கின்றன. செயின்ட் நசேர் கல்லின் பக்கத்தில் கேம்பல்டவுன் கப்பலின் பீரங்கி ஒன்றும் இருக்கிறது. டரன்ட் உறங்குவது அந்த ஊருக்கு அருகில், லா போல் போர்வீரர் கல்லறையில்.