வளரச் சொல்லும் புரதம்

நாம் உண்ணும் சோறும் பருப்பும் உடலை வளர்க்கின்றன என்று சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆனால் உணவு மட்டும் இருந்தால் உயிரணு பெருகி விடுமா? மனிதத் தோலின் உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் இட்டு, சர்க்கரை, உப்பு, வைட்டமின், அமினோ அமிலம் யாவும் கலந்த ஊட்ட நீரை ஊற்றி, உடலின் வெப்பத்திலேயே வைத்தாலும் அவை சரிவரப் பெருகுவதில்லை. பந்தியில் எல்லாம் பரிமாறிய பின்னும், "சாப்பிடலாம்" என்று பெரியவர் சொல்லும் வரை இலையில் கை வைக்காத விருந்தினரைப் போல அவை காத்திருக்கின்றன. அந்த ஒரு சொல்லைச் சொல்லும் புரதங்களுக்கே வளர்ச்சிக் காரணிகள் என்று பெயர்.

இவற்றைக் கண்டறிந்த கதையில் ஒரு பெண்மணிக்குப் பெரும் பங்கு உண்டு. இத்தாலியின் டூரின் நகரில் 1909இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ரீட்டா லெவி மொந்தால்சீனி. பெண் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வேண்டாம் என்பது தந்தையின் எண்ணம். ரீட்டா அவரிடம் வாதாடி அனுமதி பெற்று மருத்துவம் படித்தார். 1938இல் முசோலினி அரசின் இனச் சட்டங்கள் யூதர்களை ஆராய்ச்சிக் கூடங்களிலிருந்து வெளியேற்றின. ரீட்டா தம் படுக்கை அறையையே ஆய்வுக்கூடம் ஆக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கத்திகளாகக் கொண்டு, கோழிக் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். போர்க்காலத்தில் குஞ்சு பொரிக்கும் முட்டைக்கு எங்கே போவது? "என் பிள்ளைகளுக்கு வேண்டும்" என்று சொல்லி விவசாயிகளிடம் வாங்குவாராம். மணமாகாத அவருக்கு ஏது பிள்ளைகள்! நம் சிஸ்டர்கள் இந்தச் சிறு பொய்யை மன்னித்து விடுவார்கள் என நம்புகிறேன்.

1947இல் அவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றார். சுண்டெலியின் ஒரு வகைப் புற்றுக்கட்டி, அருகிலுள்ள நரம்புகளைத் தாறுமாறாக வளரச் செய்வதை அங்கே கண்டார். கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிகிறது என்று உறுதி கொண்டார். அதைப் பிரித்தெடுக்க 1953இல் அவருடன் சேர்ந்தவர் ஸ்டான்லி கோஹன் என்ற இரசாயன அறிஞர். சோதனை ஒன்றில் துணைப் பொருளாகப் பாம்பின் விஷத்தைச் சேர்த்தபோது, அந்த விஷத்திலேயே அப்பொருள் ஏராளமாக இருந்தது! விஷப்பை என்பது ஒருவகை உமிழ்நீர்ச் சுரப்பியே அல்லவா? உடனே சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைத் தேடினார்கள்; அங்கும் கிடைத்தது.

அதன் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்தன. வேறொருவராயின் பொருட்படுத்தாமல் விட்டிருப்பார். சாற்றில் இரண்டாவது பொருள் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று கோஹன் கண்டுகொண்டார். அதுவே மேல்தோல் வளர்ச்சிக் காரணி. 1974இல் திருத்தந்தையின் விஞ்ஞானக் கழகத்தில் ரீட்டா உறுப்பினரானார். 1986இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர்.

எலியின் சுரப்பியிலிருந்து எலியின் புரதம்தான் கிடைக்கும். மனிதப் புரதம் வேண்டுமானால்? 1973இல் வேறொரு ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயர் என்பவரும் (பெயர் ஒன்றே, ஆள் வேறு!) ஓர் உயிரின் மரபணுவை வெட்டிப் பாக்டீரியாவினுள் ஒட்டும் முறையைக் காட்டினர். அம்முறையில் மனிதனின் மரபணுவைப் பாக்டீரியாவில் சேர்த்தால், அது தன் புரதத்தோடு நம் புரதத்தையும் செய்து தருகிறது. மேல்தோல் வளர்ச்சிக் காரணி 53 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம். மூன்று இடங்களில் கந்தகப் பிணைப்புகள் அதைக் கட்டி வைக்கின்றன. பாக்டீரியா சரத்தைக் கோத்து விடும். ஆனால் முடிச்சுகளைப் பெரும்பாலும் சரியாகப் போடாது. தவறாக மடிந்த புரதம், பூட்டுக்குப் பொருந்தாத சாவி. ஆகவே அதை அவிழ்த்து, சரியாக மடியச் செய்து, தூய்மையாக்கி, உறையவைத்து உலர்த்திக் குப்பிகளில் அடைக்கிறார்கள்.

ஒரு மில்லி லிட்டர் ஊட்ட நீருக்கு 10 நானோகிராம் அளவே போதும். ஒரு கிராம் இருந்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு வரும்! இக்காரணி சேர்த்த ஊட்ட நீரில் தோலின் உயிரணுக்கள் விரைந்து படர்கின்றன. அமெரிக்காவில் 1983இல் உடலின் பெரும்பகுதி தீயில் வெந்து போன இரு சிறு சகோதரர்களுக்கு, எஞ்சிய அவர்களுடைய தோலின் சிறு துண்டுகளிலிருந்தே புதுத்தோலை ஆய்வுக்கூடத்தில் விரித்து வளர்த்துப் போர்த்தினார்கள். பிள்ளைகள் இருவரும் பிழைத்தார்கள்.

எனினும் ஆய்வுக்கூடக் குப்பிகளின் மேல், "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தக் கூடாது" என்ற எச்சரிக்கை இருக்கும். "வளர்" என்ற சொல்லைக் கேட்கும் காது ஒவ்வொரு தோல் உயிரணுவின் மேலும் உண்டு. சில புற்றுநோய்களில் அந்தக் காதுகள் அளவுக்கு மீறி முளைத்திருக்கின்றன. சிலவற்றில், யாரும் சொல்லாமலே சொல்லியதாக எண்ணிக்கொள்கின்றன. அக்காதுகளை அடைக்கும் மருந்துகள் இப்போது நுரையீரல், குடல் புற்றுநோயாளிகள் சிலருக்குக் கொடுக்கப்படுகின்றன. அவற்றைச் சோதித்துப் பார்க்கும் தட்டுகளிலும் இதே குப்பியின் புரதத்தைத்தான் சொட்டுகிறார்கள்.