கணிப்பொறியில் வட்டுச் சேமிப்பு: சில அடிப்படைச் சொற்கள்

கணிப்பொறியைப் பற்றிப் பேசுவோர் ‘மெமரி’ என்னும் ஒரே சொல்லை இரு வேறு உறுப்புகளுக்கு வழங்குவது அலுவலகங்களில் சாதாரணமாகிவிட்டது. இதனால் நேரும் குழப்பம் சொல்லளவில் நின்றுவிடுவதில்லை. வட்டாட்சியர் அலுவலகமொன்றில் எழுத்தர் ஒருவர் நாற்பது பட்டாக்களின் விவரங்களைத் தட்டச்சிட்டு முடிக்கும் தறுவாயில் மின்சாரம் நின்றுவிடுகிறது என்று கொள்வோம். அவற்றுள் எவை பிழைக்கும், எவை மறையும் என்பது அவை எந்த உறுப்பில் இருந்தன என்பதைப் பொறுத்தது.

கணக்கிடும் பணியைச் செய்வது மையச் செயலகம். அது கையாளும் விவரங்கள் அந்நேரத்தில் தங்கியிருக்கும் இடம் முதன்மை நினைவகம். ‘ராம்’ எனப்படுவதும் இதுவே. மின்னோட்டம் உள்ளவரைதான் இதற்கு நினைவு உண்டு. நிலையான சேமிப்பு வட்டினுடைய வேலை. முன்னதை அலுவலரின் மேசை என்றும், பின்னதைப் பதிவறை என்றும் கருதலாம். பதிவறையில் உள்ள கோப்பை மேசைக்குக் கொண்டுவராமல் அதன்மீது குறிப்பு எழுத இயலாது. எழுதியதைத் திரும்பப் பதிவறையில் சேர்க்காவிடில் அது பதிவாகாது. ‘சேமி’ என்னும் கட்டளை செய்வது இவ்வளவே.

வட்டு தோன்றுமுன் காந்த டிரம் வழக்கில் இருந்தது. 1950-களில் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிலையத்தில் நிறுவப்பட்ட கணிப்பொறிக்கு அத்தகைய டிரம்மே நினைவகமாக அமைந்தது. காந்த வட்டைக் கொண்ட முதல் வணிகக் கணிப்பொறியான ராமாக்கை ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் அறிவித்தது. அதன் வட்டகம் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கியது. ஆளுயரப் பீரோவைப் போன்றது. அத்தனை பெரிய சாதனம் தாங்கியது 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே. கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்திற்கே இன்று அவ்வளவு இடம் தேவைப்படுவதுண்டு.

வன்வட்டின் அமைப்பு அடிப்படையில் அன்றிருந்ததே. காந்தப் பூச்சுள்ள தட்டுகள் ஓர் அச்சில் சுழல்கின்றன. தட்டின் பரப்பு ஒருமைய வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு வட்டமும் ஒரு ‘தடம்’. தடத்தின் சிறு பகுதி ‘செக்டர்’. நெடுங்காலம் இதன் அளவு 512 பைட்டாக இருந்தது. 2010-ஐ ஒட்டி 4,096 பைட் அளவும் வழக்கிற்கு வந்தது. விவரங்களைப் படித்து எழுதும் ‘தலை’, தட்டைத் தொடாமல், மயிரிழையின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் மிதக்கிறது. இயங்கும் வட்டைத் தட்டினாலோ தூக்கி நகர்த்தினாலோ தலை தட்டில் உரசிப் பதிவுகள் பாழாகக்கூடும்.

வேண்டிய தடத்திற்குத் தலை நகரும் நேரம் ‘தேடு நேரம்’. பின்னர், வேண்டிய செக்டர் சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டில் இக்காத்திருப்பு சராசரியாக 4 மில்லி வினாடிக்குச் சற்று மிகுதி. இது நமக்குக் கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவு. மையச் செயலகமோ இதற்குள் இலட்சக்கணக்கான கணக்கீடுகளைச் செய்து முடித்திருக்கும். கணிப்பொறி மந்தமாக உள்ளதென்று வரும் புகார்களுள் பலவற்றின் வேர் இங்கேதான் உள்ளது. சுழலும் உறுப்பே இல்லாத, ஃபிளாஷ் சில்லுகளாலான திடநிலைச் சேமிப்பகம் இக்காத்திருப்பைப் பெரிதும் ஒழித்துவிட்டது.

கொள்முதல் பிரிவினர் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. ஒரு டெராபைட் என்று விற்கப்பட்ட வட்டு, கணிப்பொறித் திரையில் 931 கிகாபைட் என்று காட்டுவதேன்? உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ணுகிறார். சில இயக்க மென்பொருள்கள் 1,024-இன் மடங்குகளில் எண்ணுகின்றன. இரண்டும் ஒரே அளவே. தணிக்கைக் குறிப்பு எழுத வேண்டியதில்லை.

‘அழி’ என்னும் சொல்லைப் பற்றித்தான் எச்சரிக்கை மிகுதியாகத் தேவை. பதிவறைக்கு ஓர் அட்டவணைப் பதிவேடு இருப்பதுபோல, எந்தக் கோப்பு எந்தச் செக்டர்களில் உள்ளது என்பதைக் காட்டும் அட்டவணை வட்டிலும் உண்டு. கோப்பை அழிக்கும்போது பெரும்பாலும் அடிபடுவது அட்டவணைக் குறிப்பு மட்டுமே. காந்த வட்டில் வேறொன்று அதே இடத்தில் எழுதப்படும்வரை கோப்பின் உள்ளடக்கம் அப்படியே இருக்கும். ‘விரைவு ஃபார்மட்’ செய்வதும் அட்டவணையைப் புதிதாக்குவதே. கழிவு செய்து ஏலத்தில் விடப்படும் கணிப்பொறியிலிருந்து ஓய்வூதியர் பட்டியலையோ மருத்துவக் குறிப்புகளையோ எளிய மென்பொருளைக் கொண்டே பிறர் மீட்டுவிடலாம். காந்த வட்டாயின் முழுப் பரப்பின்மீதும் மறு எழுத்து எழுதவேண்டும். திடநிலைச் சேமிப்பகத்தில் சாதாரண மறு எழுத்திற்கு எட்டாத உபரிப் பகுதிகள் உள்ளமையால், அச்சாதனத்திற்கே உரிய அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துதல் அவசியம். பழுதாகி இயங்காத வட்டை உடைத்துச் சிதைத்துவிடலாம்.

அழிய வேண்டியது தங்கிவிடுவது ஒருபுறமிருக்க, தங்க வேண்டியது அழிந்துபோவது மறுபுறம். ஒரு வட்டு பழுதானால் மற்றொன்று ஈடுகொடுக்கும் வண்ணம் பல வட்டுகளை இணைக்கும் ‘ரெய்டு’ முறைக்குப் பெயரிட்டு வகைப்படுத்தியவர்கள் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து 1988-இல் வெளிவந்த அவர்களது கட்டுரை இதற்கு அடிப்படை. இதன் ஒரு வகையில் இரு வட்டுகளில் ஒரே விவரம் ஒரே நேரத்தில் எழுதப்படுகிறது. ரெய்டு இருப்பதால் காப்பு நகல் வேண்டாமென்று கருதுவோர் உளர். ஊழியர் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அது இரு வட்டுகளிலும் அக்கணமே அழிகிறது. தீயும் வெள்ளமும் இரண்டையும் ஒருங்கே கொண்டுபோகும். காப்பு நகல் என்பது வேறொரு சாதனத்தில், இயன்றால் வேறொரு கட்டடத்தில், முந்தைய தேதியின் நிலையைக் காட்டுவது. ‘நகல் எடுக்கப்பட்டது’ என்று பதிவேட்டில் கையொப்பமிடும் அலுவலர், அந்நகலிலிருந்து அவ்வப்போது சில கோப்புகளையேனும் மீட்டெடுத்துத் திறந்து பார்த்தல் வேண்டும். நகலே பழுதுபட்டிருப்பது பெரும்பாலும் மூலம் தொலைந்த நாளில்தான் தெரியவருகிறது.